திறவுகோல் யாரிடம்?

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், சான்றிதழ்களின் படிகள், ஒளிப்படங்கள், பாட்டியின் குரல்பதிவு ஆகிய யாவும் இன்று கைப்பேசியிலேயே அடங்கியுள்ளன. கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலையும். ஆகவே, அவற்றின் படி ஒன்றை இணையவழியே வேறிடத்தில் சேமித்து வைக்கிறோம். இதனை மேகக் காப்புப்படி என்பர். மேகம் என்பது பெயரளவே. நம் கோப்புகள் உண்மையில் தங்குவது ஒரு நிறுவனத்தின் கணினிகளில்தான்.

அந்நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

முதலாவது, திறவுகோல் யாரிடம் உள்ளது? கோப்பினைப் பிறர் படிக்க இயலாத வடிவிற்கு மாற்றுவது குறியாக்கம் ஆகும். பூட்டு வலிமையானதாயினும், திறவுகோலை நிறுவனமே வைத்திருந்தால் அதன் ஊழியரோ, ஊடுருவும் திருடரோ கோப்பைத் திறக்கக்கூடும். கோப்பு நம் கருவியிலேயே பூட்டப்பட்டு, திறவுகோலும் நம்மிடமே இருப்பின் அந்நிறுவனத்தாலும் அதனைப் படிக்க இயலாது.

ஆனால், உரிமையோடு பொறுப்பும் வருகிறது. வாட்ஸ்அப் 2021ஆம் ஆண்டில் இத்தகைய காப்புப்படியை அறிமுகப்படுத்தியது. அப்போது அதற்குக் கடவுச்சொல் அல்லது 64 இலக்கத் திறவுகோல் தேவைப்பட்டது. கைப்பேசியும் தொலைந்து, அதுவும் மறந்துபோனால் அந்நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது. எனவே, அதனைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துக.

இரண்டாவது, அழித்த கோப்பு திரும்பக் கிடைக்குமா? சில சேவைகள் கைப்பேசியில் உள்ளதை அப்படியே பின்பற்றும். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். பழைய படிகளை எத்தனை நாள் வைத்திருப்பர் என்பதை அறிந்து கொள்க.

மூன்றாவது, படிகள் எத்தனை இடங்களில் உள்ளன? 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தது. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் கோப்புகளை இழந்தனர். ஆகவே, மேகத்தை மட்டும் நம்பாமல், வீட்டிலும் ஒரு வன்தட்டில் படி வைத்தல் நன்று.

இறுதியாக, ஒரு கோப்பினை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்புப்படி. பாட்டியின் குரல் மீண்டும் ஒலிக்கிறதா எனச் செவிமடுத்த பின்னரே அது பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ளலாம்.