பனிச்சரிவும் மலைப்பயணமும்

கொல்கத்தாவில் வெயில் கடுமையாகும் ஏப்ரல் திங்களில் குளிர்ச்சியை நாடிச் சிக்கிம் மலைகளுக்குச் செல்வோர் பலர். 2023 ஏப்ரல் 4 அன்று, காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் சாலையில் பனிச்சரிவு ஏற்பட்டுச் சுற்றுலாப் பயணிகள் எழுவர் உயிரிழந்தனர். மலையேறுவோர்க்கு மட்டுமன்றிச் சாலைவழிச் செல்வோர்க்கும் இவ்வாபத்து உண்டு.

பனி ஏன் சரிகிறது? மலையில் ஒவ்வொரு பனிப்பொழிவும் தனி அடுக்காகப் படிகிறது. நீடித்த குளிரில் அடியடுக்கு, சர்க்கரை போன்ற பிணைப்பற்ற மணிகளாக மாறுவதுண்டு. அதன்மேல் புதுப்பனி கனமாகப் படிந்திருப்பின், ஒரு மனிதரின் எடையே மேலடுக்கைப் பெயர்த்துவிடக்கூடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதி; அதனினும் செங்குத்தான இடங்களில் பனி திரளாகத் தங்குவதில்லை. நண்பகல் வெயிலில் உருகும் நீரும் பிணைப்பைத் தளர்த்தும்.

ஆகவே, பெரும் பனிப்பொழிவுக்கோ பலத்த காற்றுக்கோ பின் ஓரிரு நாள் இத்தகைய சரிவுகளைத் தவிர்த்தல் வேண்டும். காலடியில் ‘தொம்’ என்னும் ஒலி கேட்டாலும், பனியில் விரிசல் ஓடினாலும் உடனே திரும்புக. புதையுண்டோர் பெரும்பாலும் மூச்சடைத்தே இறக்கின்றனர். கால்மணி நேரத்திற்குள் மீட்கப்படுவோர்க்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. வெளியுதவி அதற்குள் வந்து சேர்வது அரிது. உடன் சென்றோரே மீட்டாக வேண்டும். எனவே சரிவை ஒருவர்பின் ஒருவராகக் கடக்க, ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனித்தல் வேண்டும்.