நெல்லைக்கு மேலே ஓடும் மின்சார ஆறு!

போன்ல காந்தப்புலம் காட்டுற சென்சார் ஆப் இருக்கா? இரும்பு இல்லாத மேஜையில போனைப் படுக்க வெச்சு, 'இஸட்' எண்ணைப் பாருங்க. நெல்லையில அது பூஜ்யத்தை ஒட்டியே நிக்கும். டெல்லியில எகிறிடும். பூமியோட காந்த நடுக்கோடு நெல்லைக்கு ரொம்பப் பக்கம். இங்கே காந்தக்கோடுகள் கிட்டத்தட்ட தரைக்கு இணையா வடக்கு நோக்கிப் போகுது.

அதனாலதான் பகல் நேரத்துல, சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஒரு மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாயுது. பெயர், ஈக்வடோரியல் எலக்ட்ரோஜெட். எலக்ட்ரான்கள் ஓடுறது என்னவோ மேற்கே (ஸ்கூல்ல குழப்பின அதே எதிர்த்திசைதான்!). கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகள்ல மோதி மோதித் தேங்கிடும். ஆனித் தேரோட்டக் கூட்டத்துல பெரியவங்க சிக்கிக்க, பொடியன் மட்டும் நழுவி ஓடுவானே, அப்படி.

ஓட்டம் எல்லை மீறினா? அங்கே அயனிகளுக்குள் ஒலி பரவும் வேகம் நொடிக்கு சுமார் 360 மீட்டர். எலக்ட்ரான்கள் அதைத் தாண்டினா, எங்கோ விழுந்த சின்ன நெரிசல்கூட கரையாம வளர்ந்து, சில மீட்டர் நீள அலைகளாகிடும். ஃபார்லி, புனேமன் என்ற இரு விஞ்ஞானிகள் 1963-ல் இதைத் தனித்தனியாக விளக்கினார்கள். அதே வருஷம்தான், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தேர்வான தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

நம்ம போனுக்கு வம்பு வருவது பொழுது சாய்ந்த பிறகு. கீழடுக்கில் எலக்ட்ரான்கள் சட்டென்று குறைய, அடர்த்தியான மேலடுக்கு இன்னும் மேலே ஏறிடும். கனமானது மேலே, லேசானது கீழே. எத்தனை நேரம் தாங்கும்? லேசான பகுதி குமிழிகளாகக் கிளம்பி, பல நூறு கி.மீ. உயரம் வரை போகும். அதன் வழியே வரும் ஜிபிஎஸ் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். சில நேரம் அறுந்தும்போகும். விமானத்துக்கும் நில அளவைக்கும் இது நிஜத் தலைவலி. (சந்துக்குள்ள மேப் உங்களைச் சுத்தவிட்டா, பெரும்பாலும் அது பக்கத்து மாடிக் கட்டடத்தோட வேலை. எலக்ட்ரானைத் திட்டாதீங்க!)

இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இருக்கு. 1992-லிருந்தே அங்கே ரேடார் வைத்து மேல்வானக் காற்றை அளக்கிறார்கள். வானம் முழுக்கப் பார்க்கும் கேமராவும் உண்டு. இரவு வானத்துக்குன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய சிவப்பு ஒளி இருக்கு. குமிழி வந்த ராத்திரியில், அந்த ஒளியில் வடக்கு தெற்காகக் கறுப்புப் பட்டைகள் விழும். பொதிகைப் பக்கமிருந்து தூத்துக்குடிப் பக்கமா அவை மெல்ல நகர்ந்து போவதைப் படத்துல பார்க்கலாம்.