பெயரும் முகவரியும்: கர்னலின் வழு அறிக்கை பற்றிய ஒரு நோக்கு

பணிசெயல் முறைமையின் மையப் பகுதி கர்னல் எனப்படும். அது நிலைகுலையும்போது, எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்தது என்ற வரிசையை அறிக்கையாக அச்சிடுகிறது. பொறி அறிந்தது நினைவக முகவரியாகிய எண் மட்டுமே. மனிதருக்கு வேண்டுவது பெயர். எண்ணைப் பெயராக்குதல் வெறும் நுட்ப வினையன்று. தவறு எவர் எழுதிய பகுதியில் நிகழ்ந்தது என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில், காணி அதன் பெயராலும், பரப்பு, குழி என்னும் அளவாலும், நாற்புற எல்லையாலும் குறிக்கப்படுவதை நாம் அறிவோம். லினக்ஸ் கர்னலின் முறையும் இதனையொத்ததே. சார்பின் பெயர், அதன் தொடக்கத்திலிருந்துள்ள தூரம், அதன் முழு நீளம் ஆகிய மூன்றையும் அது பதினறும எண்முறையில் தருகிறது. தூரம் 26, நீளம் 128 எனின், 128 பைற் கொண்ட சார்பில் தொடக்கத்திலிருந்து 26 பைற் தள்ளிய இடம் என்பது பொருள். எண் தனித்து நின்று பொருள் தருவதில்லை. பெயரோடும் எல்லையோடும் கொண்ட உறவிலேயே பொருள் பெறுகிறது.

சிக்கல் எல்லையிலேதான் எழுகிறது. ஒரு சார்பு மற்றொன்றை அழைக்கும்போது, திரும்பி வரவேண்டிய இடமாக அடுத்த கட்டளையின் முகவரி சேமிக்கப்படுகிறது. அழைக்கப்பட்ட சார்பு ஒருபோதும் திரும்பாத வகையினதாயின், தொகுப்பி அவ்வழைப்பையே சார்பின் இறுதிக் கட்டளையாக விட்டுவிடலாம். அப்போது சேமித்த முகவரி வேலியைக் கடந்து அயற் சார்பின் முதலடியில் விழும். எண் சரி, பெயரோ பிழை. அழைப்பில் எவ்விதப் பங்குமற்ற சார்பு அறிக்கையில் இடம்பெறுகிறது. இதனைத் தவிர்க்க, முகவரியில் ஒன்றைக் குறைத்துப் பெயர் தேடும் தனி அச்சுக் குறி 2011இல் சேர்க்கப்பட்டது.

எண்ணை அச்சிடுவதில் ஆபத்தும் உண்டு. உண்மை முகவரி வெளிப்படின், தாக்குவோருக்கு அது வழிகாட்டியாகும். எனவே, 2018 சனவரியில் வெளிவந்த 4.15ஆம் பதிப்பு முதல், பொதுக் குறியால் அச்சிடப்படும் முகவரி உருமாற்றப்பட்ட எண்ணாகவே தோன்றுகிறது. கர்னலின் இருப்பிடத்தை ஒவ்வொரு தொடக்கத்திலும் மாற்றியமைக்கும் வழக்கமும் உண்டு. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் நிலத்தைப் பெயர் சொல்லிப் பதிந்தது வரி அறவிடும் ஆட்சியின் பொருட்டே. பதிவு எவர்க்குத் திறந்திருக்கிறது என்ற வினா இங்கும் எழவே செய்கிறது.

ஆயினும் பெயரும் தூரமும் மறைக்கப்படுவதில்லை; திருத்துவோருக்கு அவை போதும். தாக்குவோருக்கு உதவும் எண்ணை மறைத்து, உழைப்போருக்கு வேண்டும் உறவைக் காட்டுவதே முறையான அச்சு என நாம் கொள்ளலாம்.