பாம்ப்பி நகரின் தண்ணீர்த் தூண்கள்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் பாம்ப்பி என்னும் ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய நுரைக்கல்லும் சாம்பலும் இந்நகரைப் புதைத்துவிட்டன. 1748-இல் அங்கே அகழ்வு வேலை தொடங்கியது.

மாணவ நண்பர்களே, என்றாவது நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால், அரங்கையும் சுவரோவியங்களையும் பார்த்த பிறகு தெருமுனைகளையும் கவனியுங்கள். சுமார் 6 மீட்டர் உயரமுள்ள தூண்கள் தனியே நிற்கும். அவை எந்தக் கூரையையும் தாங்கவில்லை. அவற்றின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகிறது. இத்தூண்கள் எதற்காக?

விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தத்தைத் தரும். பாம்ப்பிக்குக் கால்வாய் வழியே வந்த நீர், நகரின் மேட்டுப் பகுதியிலுள்ள ஒரு கட்டடத்தில் பிரிக்கப்பட்டது. அங்கிருந்து தாழ்ந்த பகுதிக்கு இறக்கம் சுமார் 34 மீட்டர். நீரை ஒரே குழாயில் நேராக இறக்கினால், அடியில் அழுத்தம் 3 வளிமண்டலத்துக்கும் அதிகமாகும். ரோமானியர்களின் குழாய்களோ ஈயத் தகட்டை வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துச் செய்தவை. அதிக அழுத்தத்தில் அந்த இணைப்பு பிளந்துவிடும்.

எனவே தூண்களின் உச்சியில் திறந்த ஈயத் தொட்டிகளை வைத்தார்கள். பள்ளத்தில் பதித்த குழாய் வழியே நீர் தொட்டிக்கு ஏறியது. அங்கே அது காற்றைத் தொட்டதும் பழைய அழுத்தம் நீங்கிவிடும். பிறகு கீழுள்ள தெருக் குழாய்களில் 6 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம், அதாவது சுமார் 0.6 வளிமண்டலம் மட்டுமே இருக்கும். வழிந்த நீர் படியவிட்ட சுண்ணாம்பை இன்றும் சில தூண்களில் காணலாம்.

கி.பி. 62-இல் ஒரு பெரிய நிலநடுக்கம் இந்நகரைக் குலைத்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு எரிமலை வெடித்தபோதும் தண்ணீர்க் குழாய்களைச் சீராக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்கள் திறந்தே கிடந்தன. எரிமலைக் கற்கள்தாம் அவற்றை மூடின! வெடிப்புக்குச் சில நாட்கள் முன்பிருந்தே நிலம் அதிர்ந்ததாகவும், அது வழக்கமானதே என்று மக்கள் அஞ்சவில்லை என்றும் இளைய பிளினி எழுதியிருக்கிறார்.

நீரின் அழுத்தத்தை அடக்கத் தெரிந்த அம்மக்களிடம், மலைக்கடியில் பெருகிய அழுத்தத்தை அறியக் கருவி ஏதும் இல்லை. 1841-இல் வெசூவியஸில் ஓர் எரிமலை ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1944-இல் கடைசியாக வெடித்த அம்மலையின் சிறு அதிர்வுகளையும் இன்று கருவிகள் இரவு பகலாகப் பதிவு செய்கின்றன. மலையைச் சுற்றிப் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அந்த அதிர்வுகளை இனி யாரும் வழக்கமானவை என்று விட்டுவிட முடியாது அல்லவா?