ஆவணப்படுத்தப்படாத வன்பொருள் வசதிகளும் இயங்குதள நம்பகத்தன்மையும்: லோட்ஆல் கட்டளையை முன்வைத்து

முன்னுரை

செயலியின் கையேடு, அதனை உருவாக்கிய நிறுவனத்திற்கும் மென்பொருள் எழுதுவோருக்கும் இடையிலான ஒப்பந்தம் போன்றது. கையேட்டில் இடம்பெறாத கட்டளைகளும் பதிவகங்களும் பல செயலிகளில் உள்ளன. சில, சோதனைக்காக அமைக்கப்பட்டவை. சில, வடிவமைப்பின் பக்கவிளைவாகத் தோன்றியவை. இவற்றை இயங்குதள மென்பொருள் பயன்படுத்துவதால் விளையும் இடர்களை இன்டெல் 80286 செயலியின் ‘லோட்ஆல்’ கட்டளைவழி இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை எழுந்த சூழல்

1982இல் வெளிவந்த 80286 செயலி, 16 மெகாபைட் நினைவகத்தை அணுக வல்லது. ஆயினும் டாஸ் இயங்கிய ரியல் மோடில் ஏறத்தாழ முதல் 1 மெகாபைட் மட்டுமே எட்டும். எஞ்சியதை அணுகப் புரொடெக்டட் மோடுக்கு மாறவேண்டும். அங்கிருந்து திரும்புவதற்குச் செயலியையே ரீசெட் செய்யவேண்டும். இதற்குக் காலம் மிகுதியாகச் செலவாகும்.

லோட்ஆல் கட்டளையோ, 2048ஆம் முகவரியிலிருந்து 102 பைட்டுகளைப் படித்துச் செயலியின் பதிவகங்களை ஒருசேர நிரப்பியது. நினைவகப் பகுதிகளின் தொடக்க முகவரியையும் எல்லையையும் தாங்கும் உட்பதிவகங்களும் இதில் அடங்கும். எனவே, மோடு மாறாமலே மேல்நினைவகத்தை எட்ட முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ஹைமெம் இயக்கி இவ்வழியைக் கையாண்டது.

இடர்கள்

முதலாவது, சரிபார்ப்பின்மை. வழக்கமான கட்டளைகள் மதிப்புகளைச் சோதித்த பின்னரே ஏற்கும். லோட்ஆல் எதனையும் சோதிப்பதில்லை. ஒரு மதிப்பு பிழைபட்டாலும், முறையான வழியில் தோன்றவே இயலாத ஒரு நிலைக்குச் செயலி சென்றுவிடும்.

இரண்டாவது, இடமோதல். 2048ஆம் முகவரி டாஸ் பயன்படுத்தும் பகுதிக்குள் அமைந்தது. ஆகவே, அங்குள்ள 102 பைட்டுகளை வேறிடத்தில் சேமித்து, குறுக்கீடுகளை நிறுத்தி, பணி முடிந்ததும் மீண்டும் வைக்கவேண்டியிருந்தது. இவ்வரிசையில் ஒரு படி தவறினும் இயங்குதளமே சிதையும்.

மூன்றாவது, தொடர்ச்சியின்மை. கையேட்டில் இல்லாததை அடுத்த செயலியில் காக்கவேண்டிய கடமை நிறுவனத்திற்கு இல்லை. 1985இல் வந்த 80386, பழைய லோட்ஆலின் 15, 5 என்னும் இரு பைட்டுகளை ஏற்கவில்லை. அதன் லோட்ஆல் 15, 7 என்பதாகவும் வேறு தரவமைப்பு உடையதாகவும் இருந்தது. பழைய மென்பொருள் நின்றுவிடாதிருக்க, பயாஸ் எழுதியோர் செல்லாக் கட்டளைக்கான விதிவிலக்கைப் பிடித்துப் பழைய செயலைப் போலச்செய்ய நேர்ந்தது. பின்னர் ஏஎம்டி நிறுவனம் அதே 15, 5 பைட்டுகளைச் ‘சிஸ்கால்’ கட்டளைக்கு வழங்கியது. இன்று 64 பிட் லினக்ஸ் நிரல்கள் கருவகத்தை அழைப்பது இக்கட்டளையால்தான். பைட்டுகள் அவையே; பொருள் முற்றிலும் வேறு.

முடிவுரை

லோட்ஆல் தந்த வேகம் உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியோர் அதனைப் பயன்படுத்த முடிவெடுத்தவர் மட்டும் அல்லர். பின்வந்த பயாஸ் எழுத்தாளர்களும் அவ்விலையில் பங்கேற்றனர். எனவே, இத்தகைய வசதியை இயக்குவது தவிர்க்க இயலாததாயின் மூன்று நெறிகள் இன்றியமையாதவை: செயலியின் மாதிரியை உறுதிசெய்த பின்னரே இயக்குதல், கையேட்டு வழியிலான மாற்றுநெறியை உடன் வைத்திருத்தல், அந்நிரலை எளிதில் நீக்குமாறு ஓரிடத்தில் ஒதுக்கி வைத்தல். ஒரு செயலியில் இயங்கியது என்பது சோதனையின் முடிவேயன்றி, அடுத்த செயலிக்கான உறுதிமொழி ஆகாது.