ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் வாய்மொழி வரலாறு

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் மேற்கே போவோர்க்கு, நகரின் சந்தடி அடங்கியதும் நாகமலை துணைக்கு வந்துவிடும். நீண்டு கிடக்கும் அம்மலையைப் பார்த்தவாறே சில கல் தொலைவு சென்றால் பல்கலைக்கழக வளாகத்தை அடையலாம். 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1978இல் காமராசரின் பெயரும் அதனோடு சேர்ந்தது. முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் என்னும் தமிழறிஞர். தமிழறிஞர் ஒருவர் தொடங்கி வைத்த அவ்விடத்தில் உயிரியல் ஆராய்ச்சி வேரூன்றி, உலகத்தார் கவனிக்கும் அளவுக்கு வளர்ந்தது எவ்வாறு?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் நாடுவது ஆண்டறிக்கைகளைத்தான். எத்தனை மாணவர், எவ்வளவு நிதி, எத்தனை கட்டுரை என்பன அங்கே கிடைக்கும். கட்டடத்தின் முகப்பில் பதித்த கல்லைப் பார்த்தால் திறந்து வைத்த பெருமகனாரின் பெயர் தெரியும். கட்டியவர் பெயர் தெரியாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளோ இன்னும் சிக்கனமானவை. ஓராண்டு உழைப்பை ஒரே வாக்கியத்தில் சுருக்கிவிடும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. அந்த வாக்கியத்தின் பின்னால் மறைந்திருப்பதை, உழைத்தவர்களின் வாயிலிருந்தே கேட்டுப் பதிவு செய்வதைத்தான் வாய்மொழி வரலாறு என்கிறோம்.

மதுரையில் உயிரியல் புலத்தை உருவாக்கியவர் விலங்கியல் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி. விலங்கியலுக்கு ஒரு சுவர், தாவரவியலுக்கு ஒரு சுவர் என்று பிரித்து வைப்பதே கல்லூரிகளின் பழைய வழக்கம். இங்கோ உயிரியல் என்ற பொதுப் பெயரின்கீழ்ப் புலம் அமைந்தது. உயிரின் இயல்பு எல்லா உயிர்க்கும் பொது என்னும் கருத்து அப்பெயரிலேயே இருக்கிறது. 1980களின் நடுவில், உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பை நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய ஒரு சில பல்கலைக்கழகங்களுள் மதுரையும் இடம்பெற்றது.

ஆனால் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது வௌவால் ஆராய்ச்சியே.

உயிர்களுக்குள் ஓடும் காலக் கடிகாரத்தைப் பற்றி ஜெர்மனியில் டியூபிங்கன் நகரில் ஆராய்ந்து திரும்பிய எம். கே. சந்திரசேகரன் மதுரைக்கு வந்து சேர்ந்தார். விலைமிக்க கருவிகள் குறைவாக இருந்தபோதிலும் வேறொரு செல்வம் இங்கே இருந்தது. சமணர் மலை முதலிய பாறைக் குன்றுகள் வளாகத்தைச் சூழ்ந்திருந்தன. முனிவர்கள் தங்கிய பழமையான குன்றுகள் அவை. இத்தகைய குன்றுகளின் குகைகளில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் வாழ்ந்தன. என்றும் இருள் சூழ்ந்த குகைக்குள் தொங்கும் வௌவால், வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிகிறது?

மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதனைச் சோதித்தார். இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டிலிட்டு இருட்குகைக்குள்ளேயே வைத்தார்கள். அதற்கு ஒளி தெரியாது. வெளியே பறந்து செல்லவும் இயலாது. ஆயினும் அதன் இனத்து வௌவால்கள் தடையின்றிப் போய் வரும் குகையாயின், சிறைப்பட்ட வௌவாலும் அவற்றோடு ஒத்து, இருபத்துநான்கு மணிக் கணக்குப் பிசகாமல் விழித்தது. தோழர்கள் இல்லாத குகையில் வைத்தபோதோ அதன் கடிகாரம் தன்போக்கில் ஓடி, நாளுக்கு நாள் ஊர்ப்பொழுதை விட்டு விலகிச் சென்றது. அயலினத்து வௌவாலைக் கூண்டிலிட்டு இலைமூக்கு வௌவால்களின் நடுவே வைத்தாலும் பயன் இல்லை. தன் இனத்தாரின் நடமாட்டமே அதற்குப் பொழுதைச் சொல்கிறது! 1978 முதல் இம்முடிவுகள் ஜெர்மானிய விஞ்ஞான ஏடுகளில் வெளிவந்தன. 1979இல் சந்திரசேகரனுக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

பின்னாளில் வளாகத்திலேயே மனிதருக்கும் ஒரு 'குகை' அமைந்தது. கடிகாரமும் பகலொளியும் எட்டாத தனியறை அது. வானொலியும் கிடையாது; நேயர்களாகிய நம்மால் அதைத்தான் பொறுக்க இயலாது! ஜெர்மனியில் ஆஷாஃப், வேவர் என்னும் அறிஞர்கள் 1960களில் அமைத்த தனிமைக் கூடத்தைப் போன்றது. தாமாக முன்வந்தவர்கள் அங்கே நாட்கணக்கில் தங்கினர். சிலருக்கு உறக்கமும் விழிப்பும் சேர்ந்த ஒரு 'நாள்' இருபத்துநான்கு மணியைக் கடந்து வெகுவாக நீண்டது. அவ்வாறு தங்கிய பெண் ஒருவருக்கு, மாதவிலக்கின் கணக்கு உறக்கத்தின் கணக்கைப் பின்பற்றவில்லை என்பதும் தெரிய வந்தது. இவ்விரண்டையும் நடத்துவன வெவ்வேறு கடிகாரங்கள் என்று எண்ண இது இடம் தந்தது.

இவையெல்லாம் அச்சில் உள்ளவை. அச்சில் இல்லாதவற்றைக் கேளுங்கள். குகைக்குள் கூண்டைத் தூக்கிச் சென்றவர் யார்? கூண்டு வௌவாலுக்கு இரை எங்கிருந்து கிடைத்தது? இரவு நேரத்தில் குன்றேறிய இளைஞர்களைச் சுற்றுப்புறத்துக் கிராமத்தார் என்னவென்று நினைத்தார்கள்? தனியறையில் இருந்தவருக்குச் சோறு கொண்டுபோனவர், பொழுதைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க என்ன பாடுபட்டார்? நள்ளிரவில் காலையுணவு கேட்டால் சமையற்காரர் முகம் சுளிக்காமல் கொடுத்தாரா? சோதனை வென்றதற்கு இவர்களும் காரணர் அல்லரோ?

சந்திரசேகரன் 2009இல் காலமானார். பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டில் இருபது வயதில் பணியில் சேர்ந்தவர் எண்பதை எட்டும் காலம் இது. அவரிடம் உள்ளவற்றுக்கு மறுபதிப்புக் கிடையாது.

பெங்களூரில் இதை உணர்ந்து செயல்பட்டிருக்கிறார்கள். ஒபைத் சித்திக்கி என்னும் விஞ்ஞானி 1962இல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கு வித்திட்டார். அந்த வித்திலிருந்தே பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் பின்னர் வளர்ந்தது. அங்கே 2019இல் திறந்த ஆவணக் காப்பகத்தில், கடிதங்களோடும் குறிப்பேடுகளோடும் மனிதரின் குரல்களும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

மாணவர்களே, இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கைப்பேசியே குரலைப் பதிவு செய்துவிடும். சில நெறிகள் மட்டும் தேவை. பேசுபவரின் இசைவைப் பெற்ற பின்னரே பதிவு செய்ய வேண்டும். 'உங்கள் சாதனை என்ன?' என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் கிடைக்கும். 'கோடையில் மின்சாரம் நின்றபோது குளிர்பெட்டியை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள், உண்மை வரும். நினைவு ஆண்டுகளை இடம் மாற்றும். ஆகவே சொன்னதைப் பழைய பதிவேடுகளோடும் நிழற்படங்களோடும் ஒத்துப் பாருங்கள். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொன்னால் ஒன்றை அழித்துவிட வேண்டாம்; இரண்டையும் வைத்திருங்கள். பேராசிரியரோடு நின்றுவிடாமல், கண்ணாடிக் குழாய்களைக் கழுவியவரையும், வண்டி ஓட்டியவரையும், தோட்டக்காரரையும் தேடிச் செல்லுங்கள். நாகமலைப் புதுக்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசாரித்தால், அவர்களுள் ஒருவர் வீட்டைக் காட்ட யாராவது முன்வருவார்கள்.