விடை ஏன் தாமதிக்கிறது?



பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவுகள் யாவும் கணினியில் ஏறியிருக்கின்றன எனக் கொள்வோம். நோயாளி ஒருவரின் பழைய குறிப்பை மருத்துவர் கேட்கிறார். நேற்றுவரை இமைப்பொழுதில் வந்த விடை, இன்று இரண்டு நிமிடம் கழிந்தும் வரவில்லை. வெளியே நோயாளிகளின் வரிசை நீளுகிறது. “இயந்திரம் பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்” என்பர் சிலர். பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இருப்பதில்லை. அதை முறைப்படி தேடிக் காண்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தரவுத்தளத்தை நோக்கி நாம் விடுக்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். அதில் இன்னது வேண்டும் என்று மட்டுமே சொல்லுகிறோம். எவ்வழியில் தேடுவது என்று சொல்லுவதில்லை. எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையிலிருந்து வளர்ந்த சிறப்பு இது. வழியைத் தேர்வது ஆப்டிமைசர் என்னும் உறுப்பின் வேலை. ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். இன்றைய தரவுத்தளங்கள் பலவும் அம்முறையைத் தழுவியவையே.

ஆகவே, தாமதத்திற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும். வழியில் யாரேனும் மறித்து நிற்கலாம். நல்ல வழியே இல்லாதிருக்கலாம். நல்ல வழி இருந்தும் ஆப்டிமைசர் வேறொன்றைத் தேர்ந்திருக்கலாம். இம்மூன்றையும் முறையே காண்போம்.

முதலில் காலத்தைப் பிரித்து அளக்க வேண்டும். கடிகாரத்தில் நூறு வினாடி ஓடியிருக்க, மையச் செயலி உழைத்தது ஒரு வினாடிதான் என்றால், மிகுதி நேரம் வீண் காத்திருப்பு என்பது தெளிவு. ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போது அது பூட்டப்படுகிறது. அதே பதிவைத் திருத்த வருபவரும், சில தரவுத்தளங்களில் படிக்க வருபவருங்கூட, பூட்டு நீங்கும்வரை நிற்க நேரும். இந்நிலையில் வினவலைத் திருத்துவதாற் பயன் இல்லை. பூட்டை நெடுநேரம் வைத்திருப்பவர் எவர் என்று காண வேண்டும்.

அடுத்து, வழி உண்டா என்று பார்க்க வேண்டும். சொல்லடைவு இல்லாத பெருநூலில் ஒரு சொல்லைத் தேடப் பக்கந்தோறும் புரட்ட வேண்டும் அன்றோ? அச்சொல்லடைவு போன்றதே இண்டெக்ஸ். பேயர், மெக்கிரைட் என்னும் இருவர் 1972-இல் வெளியிட்ட பி-மர அமைப்பே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு கணுவிலும் நூறு கிளைகள் இருந்தால், நான்கே படிகளில் பத்துக் கோடிப் பதிவுகளுள் ஒன்றை அடையலாம். ஆயினும் வினவலை எழுதும் பாங்கினால் இவ்வசதி வீணாவதும் உண்டு. “தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடு; அது 2024 தானா என்று பார்” என்று எழுதினால், தேதிக்கென அமைந்த இண்டெக்ஸ் பொதுவாக உதவாது. “2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1-க்கு முன்வரை” என்று எழுதினால் உதவும். அதற்காக எல்லாவற்றிற்கும் இண்டெக்ஸ் அமைப்பதும் தகாது. பதிவு மாறும்போதெல்லாம் அவற்றையும் திருத்த வேண்டியிருப்பதால், எழுதும் வேலை சுணங்கும்.

மூன்றாவது காரணமே பலரையும் மயக்குவது. ஸ்டோர்டு புரொசீஜர் என்பது தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த செயல்முறை. எஸ்.கியூ.எல். சர்வரில், அது முதன்முறை இயங்கும்போது அப்போது கொடுத்த மதிப்பைக் கண்டு ஒரு செயல்திட்டம் வகுக்கப்படுகிறது. பின்வருவோர்க்கும் அதே திட்டம் பயன்படுகிறது. முதலில் கேட்டவர் நாற்பது நோயாளிகளே உள்ள சிற்றூரைக் கேட்டார் என்க. இண்டெக்ஸ் வழியே ஒவ்வொன்றாக எடுப்பது அதற்குப் பொருத்தம். அடுத்தவர் இருபது இலட்சம் பதிவுகள் உள்ள மாநகரைக் கேட்கிறார். அங்கு முழு அட்டவணையையும் ஒருமுறை படிப்பதே எளிது. எனினும் பழைய திட்டமே ஓடுகிறது. நேற்று விரைந்தது இன்று தளர்வதன் மருமம் பலவேளை இதுதான். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிடுமாறு பணிக்கலாம். ஆனால் திட்டமிடுதற்கும் நேரம் செலவாகும். புள்ளிவிவரங்கள் பழையனவாயினும் ஆப்டிமைசரின் கணக்குப் பிழைபடும். அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றை ஊகத்தால் அறிய வேண்டியதில்லை. செயல்திட்டத்தைக் கணினியே காட்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்னும் கட்டளை, எத்தனை வரிகள் வருமென மதிப்பிட்டது, எத்தனை வந்தன என்னும் இரண்டையும் அருகருகே தரும். பத்து என்று மதிப்பிட்ட இடத்தில் பத்து இலட்சம் வந்திருந்தால், ஆராய்ச்சியை அங்கே தொடங்குக. இக்கட்டளை வினவலை உண்மையாகவே இயக்கும் என்பதையும் மறவற்க. அழிக்கும் வினவலாயின் பதிவுகள் அழிந்தே போகும்.

முடிவாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்யுமுன்னும் பின்னும் அளந்து குறித்து வைக்க. நான்கு மாற்றங்களை ஒருசேரச் செய்தவர்க்கு நோய் தீர்ந்தாலும், தீர்த்த மருந்து எது என்று தெரியாது. மீண்டும் அந்நோய் வரும் நாளில், வரிசையில் நிற்போர் மறுபடியும் காத்திருக்க நேரும்.